சொல்லுக்கு அரை சென்ட்

நிலக்கரி விலை ஏறிய குளிர்காலத்தில்
நிலாவில் இரண்டாவது கடல் முளைத்தது.
சொல்லுக்கு அரை சென்ட்.
கடலென்றால் கரை வேண்டும், கரைமேல் நகரம்,
நகரத்தில் அழ ஒருத்தி.

வில்மா ஓபர்ஸ்டாட்,
துலூத் துறைமுகத் தானியக் கிடங்கின் கணக்கெழுத்தர்.
பத்திரிகை அவள் பெயரை முதலெழுத்தாகக் கத்தரித்தது;
'அன்புள்ள ஐயா' என்றே கடிதங்கள் வந்தன.
திருத்தவில்லை. தபால்தலை மூன்று சென்ட்,
ஆறு சொல் நஷ்டம்.

அறுபத்தொன்பது ஜூலை.
ஹாகன்சன் வீட்டுத் தொலைக்காட்சியில்
நிஜ நிலா வந்தது.
"உங்க கடல் எங்கே?" என்றான் பொடியன் ஆர்னி.

ஆறிப்போன காப்பியோடு பார்த்துக்கொண்டே இருந்தாள்.
சாம்பல். கல். சாம்பல்.
விரல்விட்டு எண்ணினாள்.
"ஒன்றரை சென்ட், ஆர்னி.
இதில் எந்த அடுப்பு எரியும்,
சொல்."