பாக்கி

மாத்திரைக்குக் காசில்லை.
அதை எடுக்கப் போவதற்குத்தான்.

புதன்கிழமை கண்டிக்குப் போனால்
செக்ரோலில் எனக்குப் பேர் விழாது,
அரைப்பேர்கூட.
டிவிசனிலிருந்து ஹட்டனுக்கு ஒரு பஸ்,
அங்கிருந்து கண்டிக்கு இன்னொன்று,
ஒரு பணிஸ், ஒரு பிளேன்டீ,
வெளிக்கள ஐயாவுக்கு ஒரு பொய்.
பொய்கள்தான் முதலில் தீர்ந்துபோயின:
பல்லுவலி, தங்கச்சி மகளுடைய சடங்கு,
அடையாள அட்டையில் பிழை திருத்தம்.
அந்தக் கடைசிப் பொய் ஒரு வருடம் தாக்குப்பிடித்தது.
அந்தக் கந்தோரை அறிந்த எவரும்
சந்தேகப்படவில்லை.

கிட்டத்திலும் ஆஸ்பத்திரி இருக்கிறது.
அங்கே துண்டு வாங்கும் ஜன்னலில் இருப்பவள்
எங்கள் லயத்து நாலாம் காம்பரா புஷ்பவேணி.
நல்லவள்தான்.
நான் இருமினால் சுவருக்கு அந்தப் பக்கம்
இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்கும்.
சுவர் அவ்வளவுதான்.

ஆகவே கண்டி.
ஆகவே குப்பிக்குள் பஞ்சு,
ராத்திரி ஒன்பது மணிக்கு எடுக்கையில்
கிலுகிலுக்காமல் இருக்க.
இது என் கண்டுபிடிப்பு என்றுதான்
நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளினிக் வாங்கில் நான் ஒரு நம்பர்.
சிங்களத்தில் கூப்பிடுவார்கள்.
அந்த ஒரு நம்பர் மட்டும்
எந்தப் பாஷையிலும் எனக்கு விளங்கும்.
எதிர் வாங்கில் ஒருவன்,
என்னைப் போலவே
சுவரிலுள்ள டெங்குக் கொசுவையே பார்த்திருப்பவன்,
ஹட்டன் பஸ் கண்டக்டர்.
இரண்டு வருடமாக அவன் பஸ்ஸில் ஏறுகிறேன்.
என் முகத்துக்குப் பதில்
என் சில்லறையைப் பார்ப்பான்.
எனக்கும் அதுதான் வசதி.

இரண்டு தவணை பிந்திப் போனதால்
எனக்கு மாதத்துக்கு ஒரு குப்பிதான்.
ஒழுங்காக வருகிறவர்களுக்கு
மூன்று மாதத்துக்குச் சேர்த்துக் கொடுப்பார்கள்.
வர முடியாதவள் அடிக்கடி வரவேண்டும்.
இந்தக் கணக்கைப் போட்டவர்
மழையில் எங்கள் ஏற்றத்தை ஏறியிருக்கமாட்டார்.

ஐப்பசியில் மலை இறங்கியது.
கினிகத்தேனைக்கு அப்பால் பாதை இல்லை.
செம்மண், வேரோடு ஒரு சவுக்கு,
கம்பியில் யாருடையதோ ஒரு சட்டை.
பஸ் திரும்பியது.
என் மடியில் கிளினிக் அட்டை வைத்த பை.
அவன் வந்து நின்றான்.
“எத்தனை?”
டிக்கட் போடுகிற குரலில்தான் கேட்டான்.
“மூணு” என்றேன்.
பக்கத்திலிருந்த மனுசி
மற்ற இரண்டு பேரையும் தேடித்
திரும்பிப் பார்த்தாள்.

ஹட்டன் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்
டிக்கட் பையின் அடியில் கைவிட்டான்.
ஒரு குப்பி. சத்தமே இல்லை.
முதலில் வந்தது பஞ்சு.

பிறகு ஊருக்கே கேட்கக் கத்தினான்:
“அக்கா, பாக்கி! பாக்கிய வாங்காம போறீங்க!”
கையில் வைத்தது மடித்த கடதாசி,
பின்பக்கம் பேனாவால் 10.
வீட்டில், விளக்கைக் குறைத்து
என்னுடையதோடு வைத்துப் பார்த்தேன்.
அதே நீளம், அதே எழுத்து.
பத்து ராத்திரி.
எவரோ தரவேண்டிய பாக்கியை
இவன் ஏன் தன் குப்பியிலிருந்து கட்டுகிறான்
என்று கோபம்தான் வந்தது,
நன்றி பிறகு வந்தது.

பன்னிரண்டாம் நாள் பாதை திறந்தது,
ஒரு பக்கம் மட்டும்.
அன்றைக்கும் எனக்குப் பேர் விழவில்லை.
திரும்பும் பஸ்ஸில்
ஐநூறு ரூபாய்த் தாளுக்குள்
பத்தையும் மடித்துக் கொடுத்தேன்.
அவன் எண்ணவில்லை.
இருநூறைத் திருப்பித் தந்து
டிக்கட்டின் பின்னால் 14 என்று எழுதினான்.
“சில்லறை இல்லக்கா. அடுத்த மாசம்.”

அவன் பேர் எனக்குத் தெரியாது.
டிக்கட்
குப்பிக்குள், பஞ்சுக்கு மேலே இருக்கிறது.