நாலு புள்ளி ஆறு

நாகர்கோவிலில் கரண்ட் போய்ப்போய் வந்த இரவு
திரையில் ரசலையனின் தொடையை அளந்துகொண்டிருந்தேன்.
வலது தமனி, நாலு புள்ளி ஆறு மில்லிமீட்டர்.
குழாய் நுழைய ஐந்தரையாவது வேண்டும்.
இடது இன்னும் மோசம்:
உடைத்த சிரட்டைகளைக் கோத்துவைத்ததுபோல்
சுண்ணாம்பு, வளைவு, மறுபடி சுண்ணாம்பு.

தொடைதான் எல்லோருக்கும் முதல் வழி.
மறுநாள் நடை, மூன்றாம் நாள் வீடு.
அது அடைபட்டவர்களுக்குத்தான்
இந்த ராக்கணக்கு.

விலா இடுக்கில் புகுந்து
இதயத்தின் நுனியைத் துளைக்கலாம்,
வால்வு கைக்கெட்டும் தூரம்.
ஆனால் நாற்பது வருடம் பீடி குடித்த நுரையீரல்;
விலா வலித்தால் இருமவும் மாட்டார்,
சளி உள்ளேயே கிடக்கும்.
நெஞ்செலும்பு ஏற்கெனவே பிளந்து கம்பியால் கட்டியது,
அதன் கீழே பெருந்தமனி பீங்கான்.
இடது காறை எலும்புக்கடியில் நல்ல பாதை இருந்தது.
அதன் கிளையைத்தான் பழைய பைபாஸில்
இதயத்தோடு தைத்திருக்கிறார்கள்.
குழாய் அடைத்து நிற்கும் நிமிடங்களில்
இதயம் எதைக் குடிக்கும்?
சிரையிலிருந்து சுவரைத் துளைத்துத்
தமனிக்குத் தாவும் வித்தை ஒன்று உண்டு.
படித்திருக்கிறேன். செய்ததில்லை.

மிச்சம் கழுத்து.
இடது கரோட்டிட், ஏழு மில்லிமீட்டர், சுத்தம்.

காலையில் ஷெரிபா பேனாவால் வரைந்து காட்டினாள்.
பட்டணங்கால் ஷட்டர்களில்
முப்பத்தொரு வருடம் லஸ்கராக இருந்தவர்
தாளைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.
பக்கவாதம் பற்றிக் கேட்பார் என்று
சதவீதத்தோடு நின்றேன்.

"தொண்டைக்க பக்கத்துலயா வெட்டுவிய?
எனக்க சத்தம் போவுமா டாக்டரே?"

தண்ணீர் திறக்கும் நாள்களில்
சைக்கிளில் கரையோரம் கூவிக்கொண்டே போவாராம்,
துவைக்கிறவர்கள் மேலேறிக்கொள்ள.
இப்போது ஞாயிறுதோறும்
கருங்கல் சர்ச்சில் பாடகர் குழுவின் கடைசி வரிசை.

என் அட்டவணையில் குரலுக்குக் கட்டம் இல்லை.
தமனியை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது என்றேன்.
தொடமாட்டோம் என்று சொல்லவில்லை,
ஒதுக்கிப் பிடிப்போம் என்றேன்.
கரகரப்பு வரலாம். பெரும்பாலும் சரியாகிவிடும்.

அவர் கண்ணை மூடி
கீழ்ஸ்தாயியில் எதையோ முனகிப் பார்த்தார்.
பாதியில் மூச்சு அறுந்தது.
"இப்பமே இவ்வளவுதான் வருது" என்று
கையெழுத்துப் போட்டார்.

வியாழன், ஏழரை மணி.
கழுத்தில் நீல மையால் கோடு போடும்போது
நர்சிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.
ஒவ்வொரு சொல்லுக்கும் கோடு அசைந்தது.
பேசாமல் இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.
காத்திருந்து,
அவர் மூச்சு வாங்க நிறுத்தும் இடங்களில்
கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தேன்.