கூண்டு எண் நாற்பத்தொன்று

தோல் ஷெட்டில் எனக்கு நிறம் பார்க்கிற வேலை.
இத்தாலிக்காரன் அனுப்பிய துண்டை ஜன்னலோரம் பிடித்து
நம்முடையது ஓர் இழை சிவப்பு,
அரை இழை மங்கல் என்பேன்.
ஸ்பிரே அடிக்கிற சுகிர்தன் முணுமுணுப்பான்,
ஆனால் மாற்றுவான்.
பதினான்கு வருஷம்.
நகக்கண்ணில் ஏறிய பழுப்பு
எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

அந்தக் கண்ணை நம்பித்தான் மாரன்ஸ் வாங்கினேன்.
"மன்மதன் பேரிலா ஒரு கோழி?" என்றாள் பக்கத்து வீட்டுக் கிருபாவதி.
"சண்டைக்கா, கறிக்கா?" என்றார் பால்காரர்.
முட்டைக்கு.
"நாட்டுக்கோழி இடாத முட்டையா?"
இடாத முட்டைதான்.
கருப்பட்டியை உடைத்ததும்
உள்ளே ஈரமாய்த் தெரியுமே, அந்த நிறம்.

ஷோவுக்கு முட்டை மட்டும் போதாது.
கழுத்தில் செம்பு இறங்கி
நெஞ்சில் கருப்போடு நின்றுவிட வேண்டும்.
கொண்டை ஒற்றை, பக்கமுளை ஆகாது.
கண் ஆரஞ்சு.
காலின் வெளிப்புறம் இறகு
ஓரவிரல் வரை.

பதினேழாம் நம்பருக்கு முட்டை கருப்பட்டி, கால் மொட்டை.
இருபத்தொன்றுக்குக் கால் அழகு,
முட்டையோ பால் கூடிப்போன டீ.
அதன் மகனை இதன் மகளோடு விட்டேன்.
மூன்று வருஷம், நூற்றுப்பன்னிரண்டு குஞ்சு.
பாதி விலையாச்சு, மீதி குழம்பாச்சு.
பேரணாம்பட்டு மே மாதத்தில்
கால்சட்டை போட்ட கோழி
வாய் திறந்து இரைக்கும்;
மண்பானைத் தண்ணீரில் ஐஸ் உடைத்துப் போட்டேன்.
கரண்ட் போன ராத்திரிகளில்
இன்குபேட்டரைக் கம்பளியால் மூடி
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
ஜெபித்தேனா, நினைவில்லை.
தெர்மாமீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எண்பத்தெட்டு.
எல்லாம் இருந்தது அதற்கு.
கூடவே, இடது இறக்கையில்
ஒரு வெள்ளைச் சிறகும்.

ஷெட்டில் நாற்பது கருப்பு இருக்கிறது.
எது பொருந்தும் என்று எனக்குத் தெரியும்.
ஒரு துளி கொண்டுவந்தேன், பஞ்சில் தொட்டேன்.
அது என்னை ஒரு கண்ணால் பார்த்தது,
கோழிகள் எல்லாவற்றையும் பார்க்கிற மாதிரி.
கை நடுங்கவெல்லாம் இல்லை.
சும்மாதான் பஞ்சை அடுப்பில் போட்டேன்.

காட்பாடியில், கல்யாண மண்டபத்தில் போட்டி.
மணமேடையில் வான்கோழிகள்.
பந்தி ஹாலில் நாங்கள்.
நடுவர் கஜபதி, கால்நடை டாக்டர்,
என் முட்டையை ஈரப்பஞ்சால் துடைத்தார்.
பழுப்பு வந்தது.
பஞ்சைப் பார்த்தார். பிறகு என் நகங்களை.
"எங்கே வேலை?"
சொன்னேன்.
நாற்பதாம் கூண்டுக்காரர் வாய்விட்டே சிரித்தார்.

"மேலே பூசின நிறம்தான் ஐயா.
பூசினது கோழி."

படித்திருப்பார், பாவம்.
படித்தது வேறு,
பஞ்சில் வந்து ஒட்டுவது வேறு.

பன்னிரண்டு மணி வாக்கில்
எண்பத்தெட்டு மரத்தூளைக் கிளறியது,
குந்தியது,
யாரையும் மதிக்காமல் எழுந்தது.
ஈரம் மினுங்க ஒரு முட்டை.
கஜபதி விரல் நீட்டினார்.
அவர் ரேகை முட்டையில் பதிந்தது,
முட்டையின் பழுப்பு அவர் விரலில்.
கைக்குட்டையில் தேய்த்துப் பார்த்தார்,
பேனாவைத் திறந்தார்.

'நிறம் உண்மை.
வடிவம் சுமார், ஒரு பக்கம் சப்பை.
இறக்கையில் வெள்ளை. தகுதியில்லை.'

சரிதான். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பஸ்ஸில் கோழிக்கு லக்கேஜ் டிக்கெட்.
பாலாற்றுப் பாலத்தில் காற்று வந்தபோது
கூடைக்குள் அது கண்ணை மூடிக்கொண்டது.

திங்கட்கிழமை புது ஷேட் வந்திருந்தது.
பெயரில்லை, எண் மட்டும்.
டிபன் டப்பாவைத் திறந்து,
ஊதி உள்ளீடு எடுத்த அந்த முட்டையை,
ரேகை இருக்கிற பக்கம் எனக்குத் தெரிய,
தோலோடு சேர்த்து ஜன்னலில் பிடித்தேன்.

சுகிர்தன் கேட்டான், "அது எந்தக் கம்பெனி சாம்பிள்?"

இன்னும் ஓர் இழை கருப்பு போடு என்றேன்.