எதிர்பாராச் செலவு, நூற்றுக்குப் பத்து

வரைபடத்தில் கதவு என்பது ஒரு கால்வட்டம்.
எந்தப் பக்கம் திறக்கும் என்று சொல்ல
ஒரு பென்சில் போதும் எனக்கு.
நிலத்தில், உட்துறைமுக வீதி வளவில்,
தீயணைப்பு வண்டிக்கு முன்னால்
மலக்கழிவு பவுசர் நிற்கிறது.
பவுசருக்கு முன்னால் றோட்டு றோலர்.
றோலரின் நிழலில் இரண்டு மான்.

மான்களுக்கு யாரும் தரிப்பிடம் ஒதுக்கவில்லை.
இந்த ஊரில் அவை கேட்பதும் இல்லை.

ஆடியில், கச்சான் புழுதி வாரிய ஒரு மத்தியானம்
மனையாவெளியில் வலைக்கொட்டில் பற்றிக்கொண்டது.
பவுசர்க்காரன் சோற்றுப் பார்சலை மூடி
திறப்பைத் தேடி
றோலரை நாலுபேர் தள்ளி
மானை விரட்டி
ஜுனைதீன் வண்டியை வெளியே எடுக்கப்
பதினொரு நிமிடம்.
அதற்குள் நைலோன் வலை உருகி
மணலில் சொட்டி இறுகிவிட்டது.
முப்பது யாரில் கடல்.
சனம் வாளியால் அதை அள்ளி எறிந்தது.
ஒருவரும் சாகவில்லை,
ஆதலால் அறிக்கை அரைப்பக்கம்.

அந்தப் பதினொன்றை மதிப்பீட்டில்
எந்த நிரலில் எழுதுவது?
கொங்கிறீற்றுக்குக் கன மீற்றர்,
கம்பிக்குக் கிலோ,
பூச்சுக்குச் சதுர மீற்றர்.
நிமிடத்துக்கு அலகு விலை
விலைப்பட்டியலில் இல்லை, தேடிப் பார்த்தேன்.

சபையில் மூன்று கூட்டம்.
முதலாவது காணியோடு முடிந்தது:
கன்னியா வீதி தூரம்,
ஓர்ஸ்ஹில் ஏற்றம்,
கடற்கரை என்றால் உப்பு
வண்டியைப் பத்து வருசத்தில் தின்றுவிடும்.
இரண்டாவதில் காசு.
சோலைவரியை அரை வீதம் கூட்டலாம் என்றேன்.
கதிரைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிறீச்சிட்டன.
கொழும்பிலிருந்து வந்த கடிதத்தை வாசித்தார்கள்:
'பரிசீலனையில் உள்ளது.'
அதே வசனம், போன வருசத்துத் திகதியை மட்டும் மாற்றி.

மூன்றாவதில் உறுப்பினர் வதனசுந்தரி கேட்டார்:
நெருப்புக்காரருக்கு மாடி,
வேலைப்பகுதிக்குத் தகரக் கொட்டிலோ?
வாசலில் நின்ற மேற்பார்வையாளர் சவிரிமுத்து,
அவருக்குப் பேச அனுமதி இல்லை,
பேசினார்:
"வண்டி ஓடுற றோட்டுப் போடுறது நாங்கள்.
மாரியில வாய்க்கால் தோண்டுறது நாங்கள்.
பவுசரில நிண்ட பொடியன்
உடம்பு கழுவாமல் பஸ்ஸில ஏறினால்
பக்கத்துச் சீற் வெறுமையாத்தான் போகும்.
ஒரு குளிக்கிற அறை போடுங்கோ.
மாடி பிறகு பாக்கலாம்."

கூட்டக் குறிப்பில் இது வரவில்லை.
நான் அன்றிரவு முகப்பு வளைவை அழித்தேன்.
கருங்கல் பதிப்பை அழித்தேன்.
ஆறு குழாய், இரண்டு சுடுநீர்த் தொட்டி,
ஈரச்சட்டை காய ஒரு கம்பி வரைந்தேன்.
பெயர்க்கல்லை மட்டும் அழிக்க முடியவில்லை.
அதற்கு நிதி ஏற்கனவே வந்திருந்தது.

கணக்காளர் யோகராணி கடைசி வரியில் விரல் வைத்தார்.
எதிர்பாராச் செலவு, பத்து வீதம்.
"இது என்னத்துக்கு?"
எதிர்பாராததற்கு, என்றேன்.
"அப்ப மிச்சத் தொண்ணூறு?"
இருவரும் சிரிக்கவில்லை.
ஐந்தாகக் குறைத்தார். கையெழுத்திட்டார்.

இந்த வருடத்துக்குக் கிடைத்தது முதற்கட்டம்:
பின்மதிலில் ஐந்து மீற்றர் இடித்து
இன்னொரு கதவு. அதோடு அந்தக் குளியலறை,
கூரை வரைக்கும்; கூரை அடுத்த வருடம்.
பொடியன்கள் காத்திருக்கவில்லை.
வானத்துக்குக் கீழே சவர்க்காரம் போடுகிறார்கள்,
சத்தமாக, ஆளுக்காள் தண்ணீர் அடித்து.

நேற்று ஒத்திகை.
ஜுனைதீன் மணிக்கூட்டை என்னிடம் தந்து ஏறினார்.
இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி,
அதில் நாற்பது விநாடி
புதுக் கதவடியில் படுத்திருந்த மானை எழுப்ப.

அதையும் எழுதிக்கொண்டேன்.
வரைபடத்தில் அதற்குக் குறியீடு இல்லை.
கால்வட்டத்துக்குள்
ஒரு சின்னப் புள்ளி வைத்திருக்கிறேன்.