துப்பியவள்

மாதத்தின் முதல் தேதி.
கேரளத்தில் ஒரு சொட்டு விற்கக் கூடாது.
குமுளியில் எங்கள் விடுதி பாருக்கும் பூட்டு.
அதனால்தான் ருசி பார்க்க நேரம் கிடைத்தது.

கொச்சியிலிருந்து ரெஜிமோன் வந்திருந்தான்,
ஆறு புட்டிகள், ஒரு வெள்ளை விரிப்பு,
துப்புவதற்கு ஓர் எவர்சில்வர் வாளி.
முதலாளி ஈப்பன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.
அவருக்குச் சர்க்கரை. முகரலாம், அவ்வளவுதான்,
அதுவும் மனைவி கீழ்த்தளத்தில் இருக்கும்வரை.

முதலில் ஷாப்ளி.
"ஈரக் கல்" என்றான் ரெஜிமோன், கண்ணை மூடி.
நானும் மூடினேன்.
மலைப்பாதை வளைவில், முதல் மழை நின்றதும்
பாறை ஒரு மூச்சு விடுமே, அது.
பையன் பொய் சொல்லவில்லை.

அடுத்தது சான்செர். நெல்லிக்காய் என்றான்.
எந்த நெல்லி, அரைநெல்லியா, பெருநெல்லியா?
தாளைப் புரட்டினான். தாளில் இல்லை.
மேலே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தேன்.
இனிக்கவில்லை.
பெயரை அடித்தேன்.

மஸ்கடேயைப் பற்றி அவனுக்கே பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.
விலை குறைவு, மேடம்.
நாக்கின் ஓரத்தில் கொஞ்சம் உப்பு,
யாரோ கடலில் கால் நனைத்துவிட்டு வந்து
பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்ததுபோல.

இனி சிவப்பு.
போஜொலே எங்கள் பன்னீர் திராட்சைக்கு
தூரத்துச் சொந்தம்போலச் சிரித்தது.
பர்கண்டியில் நனைந்த சாக்கு நாறியது.
"அது மண்வாசனை, மேடம்."
தம்பி, மண் எனக்குத் தெரியும். இது தக்கை கெட்டது.
இன்னொரு முறை முகர்ந்தான், நீளமாக.
காது சிவந்தது.
பதினோராயிரம் ரூபாய்ப் புட்டி மேசைக்கு அடியில் போயிற்று.

ஆறாவதன் நெற்றியில் போர்டோ என்று எழுதியிருந்தது.

எழுதப் படிக்கத் தெரியும் முன்பே எனக்குத் தெரிந்த சொல்.
சுருளிப்பட்டியில் போர்டோ என்றால் மருந்து.
மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து
அடிச்சாம்பல் நோய்க்குப் பந்தலில் அடிப்பது.
ஐப்பசி முழுக்க இலை நீலம், வாளி நீலம்,
அப்பா சோற்றைப் பிசையும் விரல்களின் நகக்கண் நீலம்.
அது ஓர் ஊர் என்று யாரும் சொன்னதில்லை.
அந்த ஊரில் எவனாவது
காலையில் எழுந்து
கம்பம் கலக்கிக் கொடிக்கு அடிப்பானா?

"இது வேணும்" என்றார் ஈப்பன்.
"சாயிப்புக்குத் தெரிஞ்ச பேரு இதுதானே."
சுற்றினேன், முகர்ந்தேன், வாயில் வைத்தேன்.
நல்ல சரக்குதான். நிமிர்ந்து நின்றது,
வாடகைக்கு எடுத்த கோட்டுப் போட்ட மாப்பிள்ளைபோல.

அப்போது குஞ்ஞவரா, யாரும் கேட்காமலே,
சமையலறையிலிருந்து கப்பையும்
குடம்புளி போட்ட மீன்கறியும் கொண்டுவந்து வைத்தார்.
ஒரு வாய் மீன், ஒரு வாய் போர்டோ.
செம்புக் காசைச் சப்பியதுபோல இருந்தது.
நாக்கு நீலமாகிவிட்டதோ என்று
கரண்டியின் முதுகில் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாய் மீன், ஒரு வாய் மஸ்கடே.
புளி வந்தது, காரம் வந்தது,
இரண்டும் போன பிறகும் அது அங்கேயே இருந்தது.
வாளி பக்கத்தில்தான் இருந்தது.
அந்த ஒரு மிடறை மட்டும் துப்பவில்லை.

எழுதினேன்: மஸ்கடே பத்துப் பெட்டி. ஷாப்ளி இரண்டு.
போஜொலே நான்கு, குளிரவைத்துக் கொடுக்க.
போர்டோ ஒன்று,
முதலாளியின் முகத்துக்காக.

இருட்டியதும் ஸ்கூட்டரில் மலை இறங்கினேன்.
லோயர் கேம்பில் டார்ச் அடித்து நிறுத்தினார் ஏட்டு.
பொம்பளையிடம் கேட்பதா என்று ஒரு நொடி தயங்கி,
"ஊதும்மா" என்றார்.
குடிக்கலை சார், துப்பினேன்.
பின்னால் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து ஆட்கள் சிரித்தார்கள்.
ஊதினேன்.
மூக்கைச் சுருக்கினார், யோசித்தார்,
இன்னொரு தரம் ஊதச் சொன்னார்.
ரெஜிமோனைவிடக் கவனமாக முகர்ந்தார்.
"மருந்து வாடைல்ல அடிக்குது. பந்தல்லேர்ந்தா வர்றே?
என்ன அடிச்சீங்க?"

போர்டோ, சார்.

"போ" என்றார்.