மூன்றாம் கட்டையில் ஆறு போத்தல்

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து
ஆலை ஆய்வுக்கூடக் கோட்டை
ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன்.
பகாவ் டவுனிலிருந்து மூன்றாம் கட்டை.
வீட்டுக்குப் பின்னால் தம்பி சற்குணன்
நெடுக்காகப் பிளந்த எண்ணெய் டிரம்மில்
தீ மூட்டிக்கொண்டிருந்தான்.
கரி இல்லை, செம்பனைக் கொட்டை ஓடு;
ஆலைக் கொதிகலனுக்குப் போவது.
ஒரு சாக்கு.
கேட்டுத்தான் எடுத்தேன் என்றான்.

கிள்ளானிலிருந்து யுகேந்திரன்
ஐஸ் பெட்டியோடு வந்திருந்தான்.
ஏதோ சின்ன ஆலையில் காய்ச்சிய பீர்,
ஆறு போத்தல், ஆறு நிறம்,
கூடவே அம்புக்குறி போட்ட ஓர் அட்டை:
கசப்பானதற்குக் காரமான கோழி,
கறுப்பானதற்குக் கருகிய விலா,
கோதுமைக்கு மீன்.
"என் கல்யாணத்துக்கே
இவ்வளவு பொருத்தம் பார்க்கல.
ரஜ்ஜு தட்டுதான்னும் பார்த்துடுங்க"
என்றாள் மாலினி, சற்குணன் பெண்டாட்டி.

முதல் தப்பு கோழியில்தான்.
மிளகாய்த்தூள், பூண்டு, கறுப்புக் கிச்சாப் தடவி
மூன்று மணியிலிருந்து ஊறிய கால்கள்.
அட்டை சொன்னபடி
ஐ.பி.ஏ. என்கிற அந்தச் செம்பொன் கசப்பை
ஒரு வாய் விட்டதும்
நாக்கில் மிளகாய் எழுந்து நின்று
பேர் சொல்லித் திட்டியது.
யுகேந்திரன் கண்ணில் தண்ணீர்.
"அட்டையில இது இல்லையே அக்கா."
அட்டை எழுதியவன் வீட்டு மிளகாய்
படத்தில் இருக்கும் மிளகாய் போல.

எனக்கு வேலையே மூக்குதான்.
லோரியில் வந்து இறங்கும் குலைகளில்
எது இன்று வெட்டியது, எது இரண்டு நாள் கிடந்தது,
கண்ணாடிக் குழாய் சொல்லுமுன் சொல்லிவிடுவேன்.
போத்தல்களை ஒவ்வொன்றாய் முகர்ந்தேன்.
கோதுமை பீரில் வாழைப்பழம், கொஞ்சம் கிராம்பு.
கோழியை அதனிடம் ஒப்படைத்தேன்.
எரிச்சல் உட்கார்ந்தது.
கசப்புக்கு, உப்பு மட்டும் தேய்த்த பன்றித்தோல்;
பல்லில் ஒட்டிய நெய்யை
அது துடைத்துக்கொண்டு போனது.
காட்டுப்பன்றி விலாவுக்கு அந்தக் கறுப்பு,
கருக வறுத்த காப்பிக்கொட்டை வாசம்.
அதில் அட்டை சரிதான், ஒப்புக்கொண்டேன்.
வாழையிலையில் சம்பாலோடு வெந்த திருக்கை
வெளிறிய லாகரோடு
பேசாமல் ஒத்துப்போயிற்று.
ஐந்தாவது, தேன் போட்டதாம்.
மாலினி ஒரே மடக்கில் முடித்துவிட்டு
"இதுக்கு ஒண்ணும் வேணாம்" என்றாள்.

அப்பா குடித்ததற்கும் ஜோடி இருந்தது.
சம்சு. உள்ளங்கையில் ஒரு கல் உப்பு.
நக்குவார், விழுங்குவார், நக்குவார்.
தட்டு என்று ஒன்றை
அதன் பக்கத்தில் யாரும் வைத்ததில்லை.
நாற்பத்தொன்றில் கல்லீரல்.
கடைசி வார மூச்சின் வாசம் எனக்குத் தெரியும்.
சற்குணனுக்கு அப்போது நாலு வயது,
தெரியாது.
அவன் கிளாஸில் ஊற்றும்போது நான் அளவைப் பார்க்கிறேன்.
நான் பார்ப்பதை அவன் பார்க்கிறான்.
ஒன்றும் சொல்லாமல்
பெரிய விலாவாய்ப் பார்த்து
என் தட்டில் வைக்கிறான்.

ஆறாவது புளிப்பு.
கொய்யா போட்டுப் புளிக்கவைத்தது என்றான் யுகேந்திரன்.
கெட்டுப்போனது என்றாள் மாலினி.
அதற்குள் மழை.
துத்தநாகத் தகரத்தின் கீழ் டிரம்மை இழுத்தோம்,
பாதித் தீ சீறிச் செத்தது.
சாம்பலைக் கிளறினால்
யார் போட்டதோ, ஒரு சீனிக்கிழங்கு.
தோல் கரி, உள்ளே பாகு.
பிய்த்து வாயில் வைத்து
புளிப்பை ஒரு மிடறு.
யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
யுகேந்திரன் அட்டையைத் தேடினான்.
அது மழையில் கிடந்தது,
அம்புகள் ஊறி
எல்லாம் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டு.

திங்கட்கிழமை காலை
கொதிகலன் பார்க்கும் முனியாண்டி
ஆய்வுக்கூட வாசலில் நின்றான்.
"ஓட்டுல ஒரு சாக்கு குறையுது அக்கா."
"அப்படியா?" என்றேன்.
இரண்டு முறை குளித்தும்
என் முடியில் புகை.
அவனுக்கும் மூக்கு இருக்கிறது.