அவர்

விமான நிலையத்திலிருந்து வரும் வழியில்
டாக்சிக்காரர் கண்ணாடி வழியாகக் கேட்டார்:
"தனியாவா வந்தீங்க?"
"இல்ல, அவர் நாளைக்கு வர்றார்."
அதன்பிறகு கடல் எந்தப் பக்கம் வந்தது
என்று நான் பார்க்கவில்லை.

நாற்பத்துமூன்று வயதில் முதல் கடவுச்சீட்டு.
சூலியா தெருவில் மூன்றாம் மாடி அறை.
கதவுக்கு நாற்காலியை முட்டுக் கொடுத்து
நாற்காலிமேல் பெட்டி
பெட்டிமேல் என் செருப்பு.
யாராவது தள்ளினால் செருப்பு விழும், விழித்துக்கொள்ளலாம்.
இரண்டு முறை விழுந்தது.
இரண்டு முறையும் ஏசிக் காற்று.

காலையில் தெருவுக்கு இறங்கினால்
கடையைக் கெடாய் என்று எழுதியிருக்கிறது.
கட்டிலுக்குக் கட்டில்தானாம்.
தெரிந்த ஆளை அயலூர்ப் பேருந்தில் பார்த்ததுபோல
பலகைகள் சிரிக்கலாமா வேண்டாமா என்று நிற்க
நானும் அப்படியே நின்றேன்.

"பசியாறியாச்சாம்மா?"
எங்கள் பக்கம் பேச்சில் ஆறுவது
புண்ணும் காப்பியும்.
கவுஸ் மைதீன் கல்லில் ரொட்டியை விசிறிப் போட்டபடி
பசியை ஆறச் சொன்னார்.
"ரெண்டு வெள்ளி."
ஒரு நொடி காலண்டரில் கிழமை தேடிவிட்டு
பர்சைத் திறந்தேன்.

"கூட யாரும் வரலையா?"
"வந்திருக்கார். காய்ச்சல். ரூம்ல படுத்திருக்கார்."
கேட்காமலே இரண்டு ரொட்டி கட்டினார்,
டால்ச்சாவைப் பையில் ஊற்றிச் சுருக்குப் போட்டார்.
காசு வாங்கவில்லை.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து
அவருடைய ரொட்டியையும் நானே தின்றேன்.

யார் அந்த அவர்?
என் வாழ்க்கையில் அப்படி ஒருவர் இருந்ததில்லை.
கடைசியில் நிற்கும் ஒரு மரியாதை 'ர்',
அதற்கு நான் சட்டை மாட்டிவிட்டேன்.
அடுத்த நாளுக்குள் அவருக்குச் சர்க்கரை ஆகாது,
மின்வாரியத்தில் வேலை,
வெயிலில் நடந்தால் தலைவலி.
துணிக்கடைப் பெண்ணிடம்
அவருக்கு நீலம் பிடிக்காது என்று சொல்லிவிட்டு
எனக்குப் பிடித்த நீலத்தை விட்டுவந்தேன்.
அன்று மாலைதான் கொஞ்சம் கோபம் வந்தது,
அவர்மேல்.

மூன்றாம் நாள் கவுஸ் மைதீன்
கல்லாவுக்குக் கீழே துழாவி
பாதி தீர்ந்த கோடாலித் தைலத்தை எடுத்து நீட்டினார்.
"நெத்தியில தேய்ச்சு விடுங்க. எங்க கடையநல்லூர்க்காரங்களுக்கு
இதான் டாக்டர்."
வாங்கிக்கொண்ட கை
சூடாக இருந்தது, எனக்குத்தான்.

நான்காம் நாள் பேருந்து.
பத்து வெள்ளித் தாளைப் பெட்டியில் போட்டுவிட்டேன்.
மீதி கிடையாது என்று ஓட்டுநர் தலையாட்டினார்,
அந்தப் பணத்தை வசூலிக்கவேண்டும் என்பதுபோல்
இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி உட்கார்ந்திருந்தேன்.
மலை வளைந்தது.
மழை வந்து பின்தங்கியது.
பாலிக் புலாவ் என்றார்கள், தீவின் பின்பக்கம்.

அங்கே ஒரு சிறுமி
ஜாதிக்காய்ச் சாறு ஊற்றிக் கொடுத்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை, எங்களுக்குப் பொது மொழியும் இல்லை.
ஐஸ் உடைத்த கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு
ஒரு பூனையை என் பக்கம் நகர்த்தினாள்.
அடுத்த பேருந்து வரும்வரை பூனையோடு இருந்தேன்.
தொண்டையில் காரலாக, புளிப்பாக இறங்கியது சாறு.
திரும்பும்போதுதான் உறைத்தது,
மதியம் முழுக்க அவர் ஞாபகமே இல்லை.

இரவு. கணுக்கால் வீங்கியிருக்கிறது.
நாற்காலி ஜன்னலடியில் கிடக்கிறது,
அதன்மேல் காலை நீட்டி
அவருக்குத் தந்த தைலத்தைத் தேய்க்கிறேன்.
அறையெங்கும் எரியும் பச்சை வாசம்.
காலையில் கவுஸ் மைதீன் கேட்பார்,
காய்ச்சல் விட்டுச்சா என்று.

விட்டது
என்று சொல்லவேண்டும்.